நிலையான இயங்குதளம்: பழைய கணினிக்கு ஒரு மறுவாழ்வு

2025 அக்டோபர் 14ஆம் நாளன்று, விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கு வழக்கமாக அளித்துவந்த பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் நிறுத்தியது. 2015 ஜூலையில் வெளிவந்து, பத்தாண்டுக் காலம் நம் இல்லங்களிலும் கடைகளிலும் அலுவலகங்களிலும் உழைத்த இயங்குதளம் அது. அந்த நாளுக்குப் பின்னும் அத்தகைய கணினிகள் முன்போலவே இயங்குகின்றன. திரையில் எந்த மாற்றமும் தெரிவதில்லை. ஆனால் புதிதாக ஒரு பாதுகாப்புக் குறை கண்டறியப்பட்டால் அதனை அடைப்பார் இல்லை. பூட்டு பழுதானது திருடனுக்குத் தெரிந்திருக்க, வீட்டுக்காரருக்கு மட்டும் தெரியாதிருக்கும் நிலை இது.

ஓராண்டுக்கான நீட்டிப்புத் திட்டம் ஒன்றை அந்நிறுவனம் அறிவித்துள்ளது. அடுத்த பதிப்பான விண்டோஸ் 11க்கு மாறுவது மற்றொரு வழி. எனினும், அதற்கு டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும், ஏறத்தாழ 2018க்குப் பின் வந்த செயலியும் தேவை. அதற்கு முன் வாங்கிய கணினிகள் நல்ல நிலையில் இருந்தாலும் இந்த வரம்புக்கு வெளியே நின்றுவிடுகின்றன. ஓய்வூதியத்தில் வாழும் ஒருவருக்கோ, சிறு வணிகருக்கோ புதிய கணினி என்பது சில பல்லாயிரம் ரூபாய்ச் செலவு. அச்செலவைத் தவிர்த்துப் பழைய கணினியிலேயே இணைய வங்கிச் சேவையைத் தொடர்வோர் தம் சேமிப்பையே இடருக்கு உட்படுத்துகின்றனர்.

இவ்விரண்டுக்கும் இடையே மூன்றாவது வழி ஒன்று உண்டு. கட்டணமின்றிக் கிடைப்பதும், பல்லாண்டுகளாகச் சோதிக்கப்பட்டதும், தொடர்ந்து பாதுகாப்புத் திருத்தங்கள் பெறுவதுமான திறமூல இயங்குதளத்தை அதே கணினியில் நிறுவிக்கொள்வதே அது. அது யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறமூலம் வளர்ந்த கதை

ஒரு மென்பொருளின் மூலநிரல் எவரும் படிக்கவும் திருத்தவும் பகிரவும் உரிய உரிமத்துடன் வெளியிடப்பட்டால் அது திறமூல மென்பொருள். 1983 செப்டம்பரில் ரிச்சர்டு ஸ்டால்மன் அறிவித்த ‘குனு’ திட்டம் இவ்வியக்கத்திற்கு வித்திட்டது. 1991 ஆகஸ்டில் ஃபின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தாம் எழுதிக்கொண்டிருந்த கருநிரலைப் பற்றி அறிவித்தார். அதுவே லினக்ஸ். இவ்விரண்டும் இணைந்து முழுமையான இயங்குதளம் உருவாயிற்று.

கருநிரல் மட்டும் பயனருக்குப் போதாது. உலாவி, எழுத்துக்கருவி, அச்சுப்பொறி இயக்கி, எழுத்துருக்கள் ஆகிய அனைத்தையும் சேர்த்து, சோதித்து, ஒரே தொகுப்பாக வழங்குவோர் வேண்டும். அவ்வாறு வழங்கப்படுபவை ‘வழங்கல்கள்’ எனப்படும். உபுண்டு, மின்ட், ஃபெடோரா எனப் பல வழங்கல்கள் உள்ளன. அவற்றுள் மிகப் பழையவற்றில் ஒன்று, 1993 ஆகஸ்ட் 16 அன்று இயன் மர்டாக் தொடங்கிய டெபியன். தம் தோழி டெப்ராவின் பெயரையும் தம் பெயரையும் இணைத்து அவர் அதற்குப் பெயரிட்டார். உபுண்டு டெபியனை அடித்தளமாகக் கொண்டது. மின்ட்டின் முதன்மைப் பதிப்பு உபுண்டுவின்மீது எழுப்பப்பட்டது. எந்த நிறுவனத்திற்கும் உரியதாக இல்லாமல், உலகெங்கும் பரவிய ஆயிரம் பேரளவிலான தன்னார்வலர்களால் டெபியன் இன்றும் பேணப்படுகிறது. ‘நிலைத்தன்மை’ என்னும் சொல்லுக்கு இலக்கணமாகக் கணினித் துறையினர் சுட்டுவதும் அதனையே.

‘நிலையானது’ என்றால் என்ன?

பேச்சுவழக்கில் நிலையான கணினி என்றால் அடிக்கடி உறைந்துபோகாத கணினி என்று கொள்வோம். டெபியன் குழுவினர் அச்சொல்லை இன்னும் நுட்பமான பொருளில் ஆள்கின்றனர். வெளியீட்டுக்குப் பின் மாறாதிருப்பதே அவர்கள் கருதும் நிலைத்தன்மை.

டெபியனில் மென்பொருள்கள் மூன்று படிகளைக் கடக்கின்றன. புதிதாக வருவது முதலில் ‘நிலையற்ற’ கிளையில் சேர்க்கப்படும். கடுமையான பிழை ஏதும் தென்படாமல் சில நாள்கள் கழிந்தால் அது ‘சோதனை’ கிளைக்கு நகரும். ஏறத்தாழ இரண்டாண்டுக்கு ஒருமுறை சோதனைக் கிளை உறையவைக்கப்படும். புதிய வரவுகள் நிறுத்தப்பட்டு, மாதக்கணக்கில் பிழைகள் மட்டுமே களையப்படும். அதன்பின் வெளிவருவதே ‘நிலையான’ பதிப்பு. அதன் வாழ்நாள் முழுவதும் பாதுகாப்புத் திருத்தங்களும் கடும் பிழைகளுக்கான திருத்தங்களுமே வருமே தவிர, பட்டியல்களை இடம் மாற்றுவதும் தோற்றத்தைப் புரட்டிப்போடுவதும் நிகழா. முழு ஆதரவு மூன்றாண்டு, நீட்டித்த ஆதரவு இரண்டாண்டு என ஒவ்வொரு பதிப்பும் ஐந்தாண்டுகள் பேணப்படும்.

பதிப்புகளின் பெயர்களிலும் ஒரு சுவை உண்டு. ‘டாய் ஸ்டோரி’ என்னும் இயங்குபடத்தில் வரும் பொம்மைகளின் பெயர்களையே டெபியன் தன் பதிப்புகளுக்குச் சூட்டுகிறது. 2023 ஜூனில் வெளிவந்த 12ஆம் பதிப்பு ‘புக்வார்ம்’. 2025 ஆகஸ்ட் 9 அன்று வெளிவந்த 13ஆம் பதிப்பு ‘டிரிக்ஸி’. நிலையற்ற கிளையின் பெயர் மட்டும் என்றும் மாறாமல் ‘சிட்’. படத்தில் பொம்மைகளை உடைத்து விளையாடும் அண்டை வீட்டுச் சிறுவனின் பெயர் அது.

பொறுமை காத்த பயன்

இந்த மெதுவான நடைமுறையால் நேரும் நன்மையை 2024 மார்ச் மாத நிகழ்வு ஒன்று காட்டிற்று. கோப்புகளைச் சுருக்கப் பயன்படும் ‘எக்ஸ்.இசட்.’ என்னும் சிறு கருவி ஏறக்குறைய எல்லா லினக்ஸ் கணினிகளிலும் உண்டு. அதன் பராமரிப்பில் உதவ முன்வந்த ஒருவர், ஈராண்டுகளுக்கு மேலாக நற்பணி செய்து நம்பிக்கையை ஈட்டியபின், அதனுள் ஒரு கள்ளக்கதவைப் பொருத்திவிட்டார். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய அது வழிவகுக்கும்.

ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்னும் பொறியாளர், தாம் சோதித்துக்கொண்டிருந்த டெபியன் ‘சிட்’ கணினியில் தொலை உள்நுழைவு ஏறத்தாழ அரை நொடி தாமதமாவதைக் கவனித்தார். காரணத்தைத் தேடிச் சென்று கள்ளக்கதவைக் கண்டறிந்து, மார்ச் 29 அன்று உலகுக்கு அறிவித்தார். அதற்குள் அந்த நிரல் டெபியனின் நிலையற்ற கிளையையும் சோதனைக் கிளையையும் எட்டியிருந்தது. நிலையான பதிப்பை அது எட்டவில்லை. புதியன உடனுக்குடன் வேண்டும் என்று விரைந்தோர் பதற, பொறுமை காத்தோர் பாதிப்பின்றி இருந்தனர்.

‘மூலநிரல் திறந்திருந்தால் திருடரும் அதைப் படிப்பாரே’ என்று சிலர் ஐயுறுவதுண்டு. படிக்கத்தான் செய்வர். ஆயினும் அரை நொடித் தாமதத்தின் காரணத்தை வெளியாள் ஒருவர் இறுதிவரை துருவிச் செல்ல முடிந்தது அந்நிரல் திறந்திருந்ததால்தான். அதே வேளையில், அந்தக் கண்டுபிடிப்பில் நற்பேறும் கலந்திருந்தது என்பதை மறுக்க இயலாது. எந்த இயங்குதளமும் முழுக் காப்புறுதி தருவதில்லை. கவனிக்கும் கண்களின் எண்ணிக்கையும் காத்திருக்கும் கால அளவும் இடரைக் குறைக்கின்றன, அவ்வளவே.

இந்தியாவில் திறமூலம்

நம் நாட்டிற்கு இது புதிதன்று. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய ‘பாஸ்’ என்னும் இயங்குதளம் 2007இல் வெளிவந்தது. டெபியனை அடித்தளமாகக் கொண்டு, தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளுக்கு இடமளிப்பது அது. கேரள அரசுப் பள்ளிகளில் கணினிக் கல்வி கட்டற்ற மென்பொருளின்மீதே நடைபெறுகிறது. அங்குள்ள மாணவர்க்கு லினக்ஸ் என்பது ‘மாற்று’ அன்று, முதலில் கண்ட கணினியே அதுதான். அரசுத் துறைகள் திறமூல மென்பொருளை முன்னுரிமையுடன் கருதவேண்டும் என்னும் கொள்கையை மத்திய அரசு 2015இல் வெளியிட்டது. டெபியன் உருவாக்குநர்களின் உலக மாநாடு 2023 செப்டம்பரில் கொச்சியில் கூடியது. புவியைச் சுற்றிவரும் பன்னாட்டு விண்வெளி நிலையத்தின் மடிக்கணினிகள் சிலவும் 2013இல் டெபியனுக்கு மாற்றப்பட்டன.

அன்றாட வேலைகள்

ஒரு வங்கி வாடிக்கையாளர் மேசைக்கணினியில் செய்யும் பணிகளை எண்ணிப் பார்த்தால், பெரும்பகுதி உலாவிக்குள் முடிந்துவிடுவதைக் காணலாம். இணைய வங்கிச் சேவை, வருமான வரித் தளம், சரக்கு மற்றும் சேவை வரித் தளம், தொடர்வண்டி முன்பதிவு, மின்னஞ்சல் ஆகியவற்றுக்கு ஃபயர்ஃபாக்ஸ் உலாவி போதும். அது டெபியனுடனேயே வருகிறது. கடவுச்சொல் இட்டுப் பூட்டப்பட்ட பி.டி.எஃப். கணக்கு அறிக்கைகளும் வழக்கம்போல் திறக்கும். யு.பி.ஐ. பரிவர்த்தனைகள் கைப்பேசியில் நடப்பவை. அவற்றுக்கும் இம்மாற்றத்திற்கும் தொடர்பில்லை.

கடிதம், கணக்கு, காட்சியுரை ஆகியவற்றுக்கு லிப்ரே ஆபீஸ் உள்ளது. வேர்டு, எக்செல் கோப்புகளையும் அது திறக்கும். சிக்கலான வடிவமைப்புள்ள கோப்புகளில் மட்டும் வரிகள் சற்று இடம்பெயரக்கூடும். கடன் கணக்கீட்டிற்கு அதன் விரிதாளில் உள்ள ‘பி.எம்.டி.’ என்னும் சார்பு பெரிதும் பயன்படும். எடுத்துக்காட்டாக, 10 இலட்சம் ரூபாய்க் கடனை ஆண்டுக்கு 9 விழுக்காடு வட்டியில் பத்தாண்டுகளில் அடைப்பதாகக் கொண்டால், மாதத் தவணை 12,668 ரூபாய் என்று அது காட்டும். மொத்த வட்டி ஏறத்தாழ 5 இலட்சத்து 20 ஆயிரம். வட்டி 8.5 விழுக்காடாகக் குறைந்தால் தவணை 12,399 ரூபாய். பத்தாண்டில் ஏறத்தாழ 32,000 ரூபாய் மிச்சம். அரை விழுக்காட்டின் அருமையை இவ்வாறு நாமே கணக்கிட்டு அறிய எந்தக் கட்டண மென்பொருளும் தேவையில்லை.

தமிழில் எழுதுவோர்க்கும் குறையில்லை. நிறுவும்போதே தமிழைத் தேர்ந்தெடுக்கலாம். தமிழ் 99 விசைப்பலகையும், ஒலிபெயர்ப்பு முறையும், ஒருங்குறி எழுத்துருக்களும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. பழைய, ஒருங்குறியல்லாத எழுத்துருக்களில் தட்டச்சிட்ட ஆவணங்கள் இருப்பின், அவற்றை ஒருங்குறிக்கு மாற்றிக்கொள்வது நலம். எந்த இயங்குதளத்திற்குச் சென்றாலும் அப்பணி ஒருநாள் செய்தே தீரவேண்டியதாகும்.

யார் மாற வேண்டா?

குறைகளையும் சொல்லியாக வேண்டும். கடைக்கணக்கை டேலி மென்பொருளில் வைத்திருக்கும் வணிகர், தம் முதன்மைக் கணினியை மாற்றலாகாது. அது விண்டோஸுக்கென எழுதப்பட்டது. எண்மக் கையொப்பச் சான்றிதழைப் பயன்படுத்துவோர், தம்மிடமுள்ள யு.எஸ்.பி. டோக்கனுக்கு லினக்ஸ் இயக்கி உண்டா என்று விற்பனையாளரிடம் கேட்டறிந்த பின்னரே முடிவெடுக்க வேண்டும்; சில டோக்கன்களுக்கு உண்டு, சிலவற்றுக்கு இல்லை. மேக்ரோக்கள் நிறைந்த எக்செல் படிவங்களை நம்பியிருக்கும் வரி ஆலோசகர்க்கும் இது உகந்ததன்று. பழைய லேசர் அச்சுப்பொறிகளிலும் வருடிகளிலும் சில மாதிரிகள் ஒத்துழைக்க மறுக்கும்.

இத்தகையோர்க்கும் ஒரு வழி உண்டு. கணக்கு மென்பொருளுக்கு ஒரு விண்டோஸ் கணினியை வைத்துக்கொண்டு, வங்கிப் பணிக்கும் மின்னஞ்சலுக்கும் பழைய கணினியில் லினக்ஸை நிறுவிக்கொள்ளலாம். பலர் கை படும் கடைக்கணினியிலிருந்து பணப் பரிவர்த்தனை விலகியிருப்பது தனிப்பட்ட ஒரு நன்மை.

மாறுவதற்கு முன்

முதற்பணி, கோப்புகள் அனைத்தையும் வெளி நிலைவட்டு ஒன்றில் படியெடுத்து, அப்படி திறக்கிறதா என்று வேறொரு கணினியில் சோதித்தல். குடும்பப் படங்களும் வரி ஆவணங்களும் ஒருமுறை அழிந்தால் மீளா.

அடுத்து, நிறுவாமலே இயக்கிப் பார்க்கும் ‘நேரடி’ பதிப்பை டெபியனின் அதிகாரபூர்வத் தளத்திலிருந்து மட்டுமே பதிவிறக்கி, 8 ஜி.பி. பென் டிரைவில் எழுதிக்கொள்ள வேண்டும். பதிவிறக்கிய கோப்பின் சரிபார்ப்புத் தொகை தளத்தில் குறித்துள்ளதோடு ஒத்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அந்தப் பென் டிரைவிலிருந்து கணினியைத் தொடங்கினால், நிலைவட்டைத் தொடாமலே புதிய இயங்குதளம் திரையில் தோன்றும். வைஃபை இணைகிறதா, ஒலி கேட்கிறதா, அச்சுப்பொறி அச்சிடுகிறதா, நாம் நாடும் தளங்கள் திறக்கின்றனவா என்று சில நாள்கள் பயன்படுத்திப் பார்த்தபின் முடிவெடுக்கலாம். ஒத்துவராவிட்டால், பென் டிரைவை எடுத்துவிட்டுக் கணினியை மீண்டும் தொடங்கினால் பழைய விண்டோஸ் அப்படியே இருக்கும்.

4 ஜி.பி. நினைவகம் உள்ள கணினிக்கு எக்ஸ்.எஃப்.சி.இ. போன்ற எளிய மேசைத்தோற்றம் பொருந்தும், 8 ஜி.பி. இருப்பின் எதையும் தேரலாம். சுழலும் பழைய நிலைவட்டை அகற்றி எஸ்.எஸ்.டி. பொருத்தினால் பழைய கணினியின் வேகம் வியக்கத்தக்க அளவில் கூடும். மிகப் பழைய 32 பிட் கணினி வைத்திருப்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: டெபியன் 13 அவற்றில் நிறுவ இயலாதது, 12ஆம் பதிப்புக்கான நீட்டித்த ஆதரவு 2028 ஜூன் வரையே. அத்தகைய கணினிக்கு ஓய்வளிக்கும் நேரம் நெருங்கிவிட்டது என்று கொள்ளலாம்.

இயங்குதளம் காக்காத இடம்

லினக்ஸில் மென்பொருள்களை வலைத்தளந்தோறும் தேடி அலைய வேண்டுவதில்லை. டெபியனின் களஞ்சியத்தில் ஏறத்தாழ 70,000 தொகுப்புகள் உள்ளன. அங்கிருந்து வருபவை எண்மக் கையொப்பத்தால் சரிபார்க்கப்பட்டே நிறுவப்படும். களவுப் பதிப்பு மென்பொருளோடு ஒட்டிவரும் நச்சுநிரல்களின் தொல்லை இதனால் பெரிதும் ஒழிகிறது. பாதுகாப்புத் திருத்தங்கள் தாமாகவே வந்து சேருமாறும் அமைத்துக்கொள்ளலாம்.

ஆயினும் இன்று வாடிக்கையாளர் பணத்தை இழப்பது பெரும்பாலும் கணினியின் குறையால் அன்று, ஏமாற்றுப் பேச்சால். வங்கியிலிருந்து அழைப்பதாகச் சொல்லி ஒருமுறைக் கடவுச்சொல்லைக் கேட்பவரிடமிருந்தும், உதவுவதாகக் கூறித் திரையைப் பகிரச் சொல்பவரிடமிருந்தும் எந்த இயங்குதளமும் நம்மைக் காக்காது. இந்திய ரிசர்வ் வங்கியின் அறிவுறுத்தலின்படி, நாட்டின் வங்கித் தளங்களின் முகவரிகள் 2025 அக்டோபர் இறுதிக்குள் ‘.பேங்க்.இன்’ என்னும் ஈற்றுக்கு மாற வேண்டும் என்று வரையறுக்கப்பட்டது. கடவுச்சொல்லை உள்ளிடுமுன் முகவரியின் ஈற்றை நோக்கும் பழக்கம் எந்த நச்சுநிரல் தடுப்பானுக்கும் குறைந்ததன்று.

ஏமாற்றம் நேர்ந்தால் தயக்கம் கூடாது. உடனே வங்கிக்குத் தெரிவித்து, 1930 என்னும் தேசிய உதவி எண்ணையும் அழைக்க வேண்டும். ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, வங்கியோ வாடிக்கையாளரோ காரணமாகாத மோசடியை மூன்று வேலை நாள்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்கு இழப்பில்லை. தாமே இரகசிய விவரங்களைப் பகிர்ந்திருப்பின், வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான இழப்பு அவரையே சாரும். நாணத்தால் மறைக்கும் ஒவ்வொரு மணி நேரமும் விலையுள்ளது.

நிறைவாக

சேமிப்பில் நாம் விரும்புவது பரபரப்பை அன்று. வைத்த இடத்தில் வைத்தபடி இருக்கும் உறுதியை. கணினியிலும் அதே அளவுகோலைக் கொள்வதில் தவறில்லை. ஒரு விடுமுறை நாளில் கோப்புகளைப் படியெடுத்துவிட்டு, ஒரு பென் டிரைவைக் கொண்டு சோதித்துப் பார்க்கச் செலவு ஏதுமில்லை. பொருந்தினால் பழைய கணினி மேலும் சில ஆண்டுகள் பாதுகாப்பாக உழைக்கும். பொருந்தாவிட்டால், புதிய கணினி வாங்குவது தேவை கருதிய முடிவு என்னும் தெளிவாவது கிட்டும். இரண்டில் எதுவாயினும், பூட்டு பழுதான கதவின்பின் பணத்தை வைத்திருப்பதைக் காட்டிலும் மேலானது.